வேப்பிலைக்கட்டியும் ஓர் இந்திய பீரும்

மொழிபெயர்ப்பாளன் என்பவன் போகாத ஊருக்கு வழி சொல்வதைப் பிழைப்பாகக் கொண்டவன். இருபது வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பனிச்சறுக்குப் போட்டி, பங்குச் சந்தைச் சரிவு, அண்டார்டிகா பெங்குவின்களின் குடும்ப வாழ்க்கை என்று எத்தனையோ சங்கதிகளைத் தமிழில் தந்தாயிற்று. எல்லாம் கரமனை அக்ரகாரத்தில், கொல்லைப் பக்கம் ஆறு தெரியும் ஓர் அறையில் உட்கார்ந்து செய்ததுதான். பெரும்பாலும் மனசாட்சி உறுத்துவதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பல வருடங்களாகக் கடன் பாக்கி மாதிரி மனதில் கிடந்தது. அது ஒரு பீர்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பீர் வகைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதிலிருந்த ‘இந்தியா பேல் ஏல்’ என்பதை ‘வெளிறிய இந்திய பீர்’ என்று எழுதினேன். ஹாப்ஸ் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் தாவுவது. எனவே ‘டிரை ஹாப்பிங்’ என்பது ‘உலர் தாவல்’ ஆயிற்று. ஆசிரியர் படித்துவிட்டு, “பீருக்கு என்ன, ரத்தசோகையா?” என்றார். பிறகு, “தாவுகிறது சரி. குடித்தவன் தாவுகிறானா, பீரே தாவுகிறதா?” என்றும் கேட்டார். தமிழில் முதுகலை முடித்துவிட்டு வந்த மிதப்பு அன்றோடு இறங்கியது. மாலையில் பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். அன்று தொடங்கிய வாசிப்பு, பீரைத் தொடாமலே, பல வருடங்கள் நீடித்தது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. தாவரவியல்படி கஞ்சாச் செடியின் குடும்பம். போதைக்காக அல்ல, கசப்புக்காகவே அதைப் பீரில் சேர்க்கிறார்கள். பெண்பூவின் இதழ்களுக்கு அடியில் உள்ள மஞ்சள் பிசின்தான் கசப்பைத் தருகிறது. பீரைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களையும் அது அண்டவிடாது. நம் வீட்டு ஊறுகாயில் உப்பு செய்கிற வேலை. ‘உலர் தாவல்’ என்று நான் எழுதியது, பீர் புளித்து முடிகிற தறுவாயிலோ முடிந்த பிறகோ வாசனைக்காக மறுபடி பூவைப் போட்டு வைப்பது. ரசத்தை இறக்கிய பிறகு கொத்துமல்லி தூவுகிறோமே, ஏறக்குறைய அதுதான்.

‘வெளிறிய’ என்பதும் பீரின் உடல்நலம் பற்றியதல்ல. பார்லியை முளைக்கவிட்டு, உலர்த்தி, அந்த முளைதானியத்திலிருந்துதான் பீர் காய்ச்சுகிறார்கள். பழைய காலத்தில் விறகுத் தீயில் உலர்த்தியதால் தானியம் கறுத்தது, புகை வாசனையும் ஏறியது. நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் என்ற எரிபொருள் இங்கிலாந்தில் வந்த பிறகு வெளிர் நிறத்தில் உலர்த்த முடிந்தது. அன்றைய கரிய போர்ட்டர் பீரோடு ஒப்பிட்டால்தான் இது ‘பேல்’. தனியாகப் பார்த்தால் மலைத்தேனின் நிறம்.

சரி, இதில் இந்தியா எங்கே வந்தது?

கதை நம் சென்னையைத் தொட்டுக்கொண்டு தொடங்குகிறது. 1717 முதல் 1720 வரை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலட். திருவொற்றியூர் அருகே நெசவாளர்களுக்காக அவர் பெயரில் உண்டான குடியிருப்புதான் மருவி மருவி இன்றைய காலடிப்பேட்டை ஆகியிருக்கிறது. அவர் வீட்டு மதுக் கணக்கிலேயே பேல் ஏல் இருக்கிறது. ஆக, இந்தியாவுக்கென்று யாரும் ஒரு பீரைக் கண்டுபிடிப்பதற்கு வெகுநாள் முன்பே இங்கிலாந்தின் பேல் ஏல் சோழமண்டலக் கரையில் இறங்கிவிட்டது.

லண்டனில் பௌ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் 1752இல் பீர் ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் தலைவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு. அவர்களுக்கு ஹாட்ஜ்சன் ஆலை 18 மாதக் கடனில் பீர் கொடுத்தது. மளிகைக் கடைக்காரர்களுக்குத் தெரியும், கடன் கொடுக்கிறவனிடம் வாடிக்கை தானாக வரும். பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் ஆடி ஆடிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. வந்து சேர்ந்தபோது பீர் நன்றாகத் தெளிந்து முதிர்ந்திருந்தது.

1820களில் ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டு நேரடியாகத் தாங்களே வியாபாரம் செய்யப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1822இல் கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் நகரத்து ஆலை முதலாளி சாமுவேல் ஆல்சாப்பை அழைத்து, “இதே மாதிரி உம்மால் செய்ய முடியுமா?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். ஆல்சாப்பின் ஆள் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கூஜாவில் காய்ச்சிப் பார்த்தாராம். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு இன்னும் பளிச்சென்று வந்தது. ஆல்சாப்பும், அதே ஊர் பாஸ் கம்பெனியும் சில ஆண்டுகளில் ஹாட்ஜ்சனைச் சந்தையிலிருந்து தள்ளிவிட்டன.

இந்தக் கதையோடு ஒரு கட்டுக்கதையும் ஒட்டிக்கொண்டது. இந்திய வெயிலில் மற்ற பீரெல்லாம் கெட்டுப்போயின, அதற்காகவே இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்பது அது. நானே அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் பீர் வரலாற்று ஆய்வாளர் மார்ட்டின் கார்னெல் போன்றவர்கள் பழைய பத்திரிகைகளையும் கணக்குகளையும் தோண்டி இதைத் திருத்தியிருக்கிறார்கள். கரிய போர்ட்டரும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து நல்லபடியாகவே சேர்ந்தது. சாதாரணச் சிப்பாய் குடித்தது போர்ட்டர். பேல் ஏல் அதிகாரிகளின் பானம். பெயரும் பிற்பாடு வந்ததுதான். ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்ற தொடர் அச்சில் காணப்படும் மிகப் பழைய இடம் இந்தியாவும் அல்ல, இங்கிலாந்தும் அல்ல. 1829ஆம் ஆண்டு சிட்னி நகரில் வெளியான ஒரு விளம்பரம். எங்கள் திருவனந்தபுரம் நூலகம் தொடங்கியதும் அதே 1829தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறது.

பார்லி இங்கிலாந்தில் விளைந்தது, ஹாப்ஸும் அங்கேதான், தண்ணீர் பர்ட்டன் கிணற்றில் இறைத்தது. குடித்தவனும் வெள்ளைக்காரன். இந்தியா பேல் ஏலில் இந்தியா பெயருக்குத்தான். எங்கள் வீடுகளில் வேப்பிலைக்கட்டி என்று ஒன்று செய்வார்கள். நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும் நரம்பு நீக்கி, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து உரலில் இடித்து உருட்டியது. மோர் சாதத்துக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. அதில் வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், “எங்க பாட்டியும் அப்படித்தான் சொல்லுவா, கேட்டியா” என்பதுதான் பதில்.

பெயரில் மட்டும் இருந்த இந்தியா பிறகு தண்ணீரிலும் வந்தது. வெள்ளைக்காரர்கள் மலைகளில் ஆலை வைக்கத் தொடங்கினார்கள். சிம்லாவுக்குப் பக்கத்தில் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் ஆரம்பித்தது அவற்றில் முந்தியது. இன்றைய மோகன் மீக்கின் நிறுவனம் 1855ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. இந்த டயரின் மகன்தான் 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டயர். வரலாறு சில சமயம் இப்படிக் குடும்பமாக வரும். தெற்கே நீலகிரியிலும் ஆலைகள் எழுந்தன. அவை உள்படச் சில தென்னிந்திய ஆலைகளை 1915இல் ஒன்றாக்கியதில் பிறந்ததுதான் யுனைடெட் புரூவரீஸ். ஆனால் அதற்குள் குளிர்பதன இயந்திரம் வந்துவிட்டது, குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் பீர் உலகத்தை வளைத்துவிட்டது. இந்தியாவிலும் ஏல் மறைந்தது. நம் கடைகளில் இன்று விற்கும் பீரில் பெரும்பகுதி லாகர். அதிலும் ‘ஸ்ட்ராங்’ என்று போட்டிருந்தால்தான் ஆள் திரும்பிப் பார்க்கிறான்.

இங்கிலாந்திலேயே நோஞ்சானாகிப் போன இந்தப் பீருக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். 1970களில் அங்கே ‘காஸ்கேட்’ என்ற புதிய ஹாப்ஸ் ரகம் வந்தது. பழைய ஆங்கில ரகங்களில் இல்லாத எலுமிச்சை, பம்பளிமாஸ் வாசனை அதில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் அதைப் போட்டு ஓர் ஏல் காய்ச்சியது. பிறகு சின்னச் சின்ன ஆலைகள் புற்றீசல் போலக் கிளம்பின. கைவினைஞனின் பிடிவாதத்தோடு சிறிய அளவில் செய்யும் இந்த வகைக்குத்தான் ‘கிராஃப்ட் பீர்’ என்று பெயர். அதன் கொடியாகவே ஆகிவிட்டது ஐ.பி.ஏ. கசப்புக்கு ஒரு அலகுகூட வைத்திருக்கிறார்கள். சாதாரண லாகரில் அது 10, 15 என்று இருந்தால், அமெரிக்க ஐ.பி.ஏ.யில் 40 முதல் 70 வரை போகும்.

அந்த அலை பெங்களூருக்கு வந்தது 2010க்குப் பிறகு. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் 1995இல் தொடங்கிய ஆர்பர் புரூவிங் கம்பெனியின் பெயரில், 2012இல் மாக்ரத் ரோட்டில் ஒரு பீர்சாலை திறந்தார்கள். அவர்களுடைய ஐ.பி.ஏ.வின் பெயர் ‘ரேஜிங் எலிஃபன்ட்’. அதைப் பற்றிய குறிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மதயானை! சங்க இலக்கியம் படித்தவனை வேறு எந்தப் பெயரால் பிடிக்க முடியும்? இந்தியாவின் பெயரைச் சுமந்துகொண்டு, இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் மறுபிறவி எடுத்து, இருநூறு வருடம் கழித்து இந்தியாவுக்கு வந்து யானைப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டலில் ‘மல்லிகடானி சூப்’ என்று எழுதியிருப்பதை மறுபடி மிளகுத் தண்ணீர் என்று மொழிபெயர்க்கிற சுகம் எனக்கு அதில் தெரிந்தது. ஒரு நாள் இதைக் குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். முடிவு செய்ததற்கும் செய்து முடித்ததற்கும் நடுவே வருடங்கள் பல ஓடின.

காரணம் தூரம் மட்டுமல்ல.

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சத்தியவாகீசுவரர் கோயிலும் அக்ரகாரத் தெருக்களும். அந்தப் பக்கம் என் சிறுவயதில் ஒரு சாராயக் கடை இருந்தது. என் பெரியப்பா சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும், சாயங்காலம் ஆறு மணி வரை. அவரைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்புவார்கள். பத்துப் பதினோரு வயது இருக்கும். சின்னப் பையன் போனால் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் மேல், அகத்தியர் மலைப் பக்கத்திலிருந்து வரும் அந்த ஆற்றைப் பார்த்தபடி நின்று நின்று வருவார். பெரியம்மா திண்ணையில் இருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். முதலில் பித்தளைப் பாத்திரங்கள் போயின, பிறகு அவள் வளையல்கள், பிறகு வீட்டில் பாதி. 1996 ஏப்ரல் 1ஆம் தேதி கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. பெரியப்பா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். அப்போது அவருக்கு என் இன்றைய வயது.

பிறகு இந்த மாநிலம் மதுவோடு நடத்திய மல்யுத்தம் உங்களுக்குத் தெரிந்ததே. 2014இல் பெரும்பாலான பார்களை மூடினார்கள். 2017இல் புதிய அரசு கொள்கையை மாற்றித் திறந்தது. 2018இல் புதிய பீர் ஆலைகளுக்குக் கொடுத்த அனுமதி, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ரத்தானது. இத்தனைக்கும் நடுவே அரசு மதுக்கடை வாசலில் வரிசை மட்டும் மாறவில்லை. மலையாளி ஒழுங்காக நிற்கும் ஒரே கியூ அதுதான் என்று அவர்களே சிரிப்பார்கள். திருவல்லாவில் அரசாங்க ஆலையே தயாரிக்கும் ‘ஜவான்’ ரம்முக்கும், அந்தக் கசௌலி டயரின் வழியில் வந்த ‘ஓல்ட் மங்க்’குக்கும் அங்கே ஆள் உண்டு. நான் அந்த வரிசையில் நின்றதில்லை. கொள்கை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பாலம் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

போன முறை ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக பெங்களூர் போக வேண்டியிருந்தது. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை ஊர். என்னோடு எம்.ஏ. தமிழ் படித்தவன் ஒருவன் அங்கே இருக்கிறான். அந்தப் பட்டத்தை ரகசியமாக வைத்துக்கொண்டு, மென்பொருள் கம்பெனி ஒன்றில் கையேடுகள் எழுதுகிறான். “இன்னுமா நீ அதைக் குடிக்கவில்லை?” என்று என்னை மாக்ரத் ரோட்டுக்கு இழுத்துப் போனான்.

பளபளவென்று பெரிய பெரிய எஃகுத் தொட்டிகள் நின்றன. அவற்றைப் பார்த்ததும் நண்பனுக்குள் தூங்கிய மாணவன் எழுந்துவிட்டான். “பெரும்பாணாற்றுப்படை ஞாபகமிருக்கிறதா?” என்றான். இருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்த நூலில், உருத்திரங்கண்ணனார் ஒரு மதுவின் செய்முறையை அடுப்படியில் நின்று பார்த்தவர் போலச் சொல்கிறார். அரிசிக் களியைத் துழாவி, அகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைப்பது. முளைதானியமும் இருக்கிறது, புளிக்கவிடும் கணக்கும் இருக்கிறது. பீர் வேறு என்ன? புறநானூற்றில் நக்கீரர் யவனர் கலத்தில் வந்த தேறலைப் பாண்டியனுக்குக் குடிக்கச் சொல்கிறார். அந்த மாதிரிக் கலங்களில் வந்த மதுச் சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டிலும், எங்கள் கேரளத்துப் பட்டணத்திலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. கப்பலில் வந்த மது நமக்குப் புதிதல்ல. “ஆனால் வள்ளுவர் ஒரு அதிகாரம் முழுக்கத் திட்டியிருக்கிறாரே” என்றேன். “93வது அதிகாரம். அதையும் நாம்தானே படித்தோம்” என்றான். இரண்டையும் ஒரே மொழியில் படித்தவர்கள் நாங்கள். எந்தப் பக்கம் சாய்வது என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை.

பரிமாற வந்தவர் கிருஷ்ணகிரிப் பையன். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. “இது கசக்கும் சார். முதல் தடவைன்னா லேசா வேற ஒண்ணு தர்றேனே” என்றார். எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். வந்தது. வெளிறவில்லை, சோகையில்லை. செம்பு கலந்த பொன் நிறம், மேலே வெள்ளை நுரை. விலையைச் சொன்னால் கரமனைச் சந்தையில் காய் வாங்குகிறவர்கள் அடிக்க வருவார்கள்.

முதலில் முகர்ந்தேன். பல வருடங்களாக நான் படித்ததும் எழுதியதுமான வார்த்தைகளெல்லாம் வரிசையில் வரும் என்று நினைத்தேன். பைன் மரம், திராட்சைப் பழம் போன்ற எலுமிச்சை, மலர்க்காடு. ஒன்றும் வரவில்லை. வந்தது எங்கள் பின்கட்டு. உரலில் நார்த்தை இலை நசுங்கும் வாசனை. சந்தேகப்பட்டு மறுபடி முகர்ந்தேன். அதேதான்.

குடித்தேன். மிடற்றில் முதலில் ஒரு சின்ன இனிப்பு, பொரியரிசி மாதிரி. அடுத்து எலுமிச்சைத் தோல். விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது. நாக்கின் அடியிலிருந்து எழுந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அறுசுவையில் இதற்குக் கைப்பு என்று பெயர். தமிழ்நாட்டில் அந்தச் சொல் பாடப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. மலையாளத்தில் அது தெருவில் நடமாடுகிறது, பாகற்காயே அவர்களுக்குக் கைப்பக்காதான். அவர்களோடு வாழ்ந்து வாழ்ந்து எங்கள் வீட்டுத் தமிழிலும் எதுவும் கசக்காது, கைக்கும். சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இதற்காக முகம் சுளிக்கவில்லை. பக்கத்து மேஜை இளைஞர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு வேறு கேட்டார்கள். எனக்கோ தெரிந்தவர் வீட்டுக்கு முதல் தடவை போன மாதிரி இருந்தது.

நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். படித்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் பாதிக் கிளாஸில் இன்னொன்றும் புரிந்தது. ஆற அமர, வாசனை பார்த்து, வரலாறு பேசிக் குடிக்கிற இந்தக் குடிக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குடிக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் என்று நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வாதம் அவ்வளவு பலமானதாகத் தெரியவில்லை. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். எஃகுத் தொட்டியும் யானைப் பெயரும் அதை மாற்றாது. எனக்கு வாய்த்த வித்தியாசமெல்லாம், ஒன்றோடு எழுந்திருக்க முடிந்ததுதான். அது என் கெட்டிக்காரத்தனமா, வெறும் அதிர்ஷ்டமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெரியப்பாவும் ஒரு நாள் முதல் கிளாஸோடு எழுந்து வந்தவராகத்தான் இருப்பார். நண்பன் இன்னொன்று சொல்லப் போனான். வேண்டாம் என்றேன்.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டாள். மிச்சமிருக்கும் பாதி வீட்டில், பின்கட்டில் உட்கார்ந்து இலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இடிக்க ஒரு பெண் வருகிறாள். நரம்பு எடுப்பது மட்டும் பெரியம்மாதான்.

“போன காரியம் ஆச்சா?”

“ஆச்சு பெரியம்மா.” பிறகு, எதற்கென்று தெரியாமல், சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் மறைத்தது போதும் என்று தோன்றியிருக்கலாம். “அங்க ஒரு பீர் குடிச்சேன்.”

விரல்கள் நிற்கவில்லை. இரண்டு மூன்று இலைகள் முடிந்தன.

“எத்தனை?”

“ஒண்ணு.”

“கைக்குமோ அது?”

“கைக்கும். நல்லாவே கைக்கும்.”

“அவருக்கும் கைச்சிருக்கும்” என்றாள். “ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.”

முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெரியப்பாவின் குடியைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உரலில் இடித்து முடித்திருந்ததிலிருந்து ஒரு உருண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

“உப்பு சரியா இருக்கா பாரு. எனக்கு இப்பல்லாம் நாக்குல ஒண்ணும் தெரியறதில்லை.”

சரியாக இருந்தது.